மணிக்கு இன்று பிறந்தநாள்!

வீட்டு நாயின் பிறந்தநாளைக் கொண்டாடும் குடும்பங்கள் பெருகிவருகின்றன. அந்த நாளை நாய்க்கும் பிடித்த நாளாக்குவது எப்படி?

திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் கிடைத்த நடுகல் ஒன்று தமிழ்நாட்டு நாய்ப் பிரியர்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டியது. மகேந்திரவர்ம பல்லவனின் 34-ம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஏறக்குறைய 1,400 ஆண்டுப் பழமை. சண்டையில் உயிர்விட்ட கருந்தேவகத்தி என்ற வீரனுக்காக எடுத்த கல் அது. வீரனின் உருவத்தோடு ஒரு நாயின் உருவத்தையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். வீரனுக்குக் கிடைத்த மரியாதையில் நாய்க்கும் பங்கு கொடுத்த ஊர் அது.

கோவிவனுக்குப் பெயர் நிலைத்தது. அது பிறந்த தேதியை யாரும் குறித்து வைக்கவில்லை. இன்றைக்கு நம் வீடுகளில் வளரும் மணிக்கும் ராஜாவுக்கும் ஜூலிக்கும் பெயரோடு தேதியும் இருக்கிறது. அந்தத் தேதி வந்தால் ஹாலில் பலூன் தொங்குகிறது, சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு போகிறது, கேக்கின் மேல் எலும்புத் துண்டு வடிவத்தில் அலங்காரம் இருக்கிறது. சென்னை, கோவை போன்ற நகரங்களில் நாய்களுக்கென்றே கேக் செய்து கொடுக்கும் கடைகள் வந்துவிட்டன. பணத்துக்கு வந்த கேடு என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. அன்பு காட்ட ஒரு நாள் வைத்துக்கொள்வதில் என்ன தவறு என்று கேட்கிறவர்களும் உண்டு. இந்தக் கட்டுரை இரண்டாவது கட்சி. ஒரே ஒரு நிபந்தனை: பிறந்தநாள் நாயுடையது என்றால், விருந்தும் அதனுடையதாக இருக்க வேண்டும்.

வாசலிலிருந்து ஹாலுக்கு

ஒரு தலைமுறைக்கு முன்பு வரை பெரும்பாலான வீடுகளில் நாயின் இடம் வாசல். தோட்டத்தையும் ஆட்டுப்பட்டியையும் காத்தது. மிஞ்சிய சோற்றைத் தின்றது. திண்ணைக்குக் கீழே படுத்தது. பாசம் அப்போதும் குறைவில்லை. ஆனால் வீட்டுப்படி தாண்டி உள்ளே வர அனுமதி இல்லை.

வீடு மாறியதும் நாயின் இடமும் மாறியது. அடுக்குமாடிக் குடியிருப்பில் வாசல் என்று தனியாக ஒன்று இல்லை. நாய் ஹாலுக்கு வந்தது. ஹாலுக்கு வந்த நாய், சோபாவுக்கும் கட்டிலுக்கும் வர அதிக நாள் ஆகவில்லை. ஒற்றைப் பிள்ளை வீட்டில் அது தம்பி ஆனது. பிள்ளைகள் வேலைக்காக வெளிநாடு போய்விட்ட வீட்டில், அப்பாவை மாலையில் நடக்கக் கூட்டிப்போகும் துணையானது. “நாயை உள்ளே விடாதே” என்று முதல் மாதம் முழுக்கச் சண்டை போட்ட பாட்டியே, இரண்டாவது மாதத்தில் தயிர்சாதம் பிசைந்து கையால் ஊட்டுவதைப் பல வீடுகளில் பார்க்கலாம். “எங்க வீட்டுக் கடைக்குட்டி” என்று அறிமுகப்படுத்துகிறார்கள். கடைக்குட்டிக்குப் பிறந்தநாள் கொண்டாடாமல் இருப்பார்களா?

தேதி கிடைத்ததற்குக் காரணம் தடுப்பூசி அட்டை. குட்டியை முதல் ஊசிக்குக் கூட்டிப்போகும்போதே கால்நடை மருத்துவர் பெயர், இனம், நிறம், பிறந்த தேதி என்று எழுதித் தந்துவிடுகிறார். கெனல் கிளப் பதிவுச் சான்றிதழோடு வாங்கிய நாய் என்றால், அதில் பெற்றோர் பெயரோடு தேதியும் அச்சில் இருக்கும்.

நாய்களுக்கென்று ஒரு நாள் ஒதுக்குவது புதிய வழக்கமும் அல்ல. நேபாளத்தில் திகார் பண்டிகையின் இரண்டாம் நாள் நாய்களுக்குரியது. ‘குகூர் திகார்’ என்று பெயர். வீட்டு நாய், தெரு நாய் என்ற பேதம் இல்லாமல் நெற்றியில் சிவப்புத் திலகமிட்டு, சாமந்தி மாலை போட்டு, நல்ல சாப்பாடு வைக்கிறார்கள்.

தேதி தெரியாத செல்லங்களுக்கு

தெருவிலிருந்து எடுத்து வளர்த்த குட்டிக்குப் பிறந்த தேதி எப்படித் தெரியும்? பல் சொல்லிவிடும். நாய்க்குட்டிக்குப் பால் பற்கள் 28. மூன்று மாதம் தாண்டியதும் முன்பற்கள் விழ ஆரம்பிக்கும். ஏழு மாதத்துக்குள் 42 நிலைப் பற்களும் வந்துவிடும். இதை வைத்து குட்டியின் வயதை வாரக் கணக்கில்கூட மருத்துவர் மதிப்பிட்டுவிடுவார். வளர்ந்த நாய் என்றால் பல்லின் தேய்மானம், காரை, கண் வில்லையின் மங்கல் இவற்றை வைத்து ஆண்டுக் கணக்கில் சொல்வார். அதுவும் வேண்டாம் என்றால், அது உங்கள் வீட்டுக்கு வந்த நாளையே பிறந்தநாளாக வைத்துக்கொள்ளலாம். தத்தெடுத்த பல குடும்பங்கள் அப்படித்தான் செய்கின்றன.

எந்த நாளாக இருந்தாலும் எழுதி வையுங்கள். ஜப்பானின் ஹாச்சிகோ 1923 நவம்பர் 10-ல் ஓடாதே நகரத்தில் பிறந்தது. இறந்துபோன எஜமானருக்காக டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நாய் அது. தேதி தெரிந்திருந்ததால்தான், 2023-ல் அதன் 100-வது பிறந்தநாளைப் பிறந்த ஊர் கொண்டாட முடிந்தது.

அதே 2023-ல் போர்ச்சுகலின் கொங்கெய்ரோஸ் கிராமத்தில் இன்னொரு பிறந்தநாள் நடந்தது. உலகிலேயே வயதான நாய் என்று கின்னஸ் அறிவித்திருந்த போபிக்கு 31 வயது என்று ஊரே திரண்டது. நூற்றுக்கும் மேற்பட்ட விருந்தினர்கள், மீனும் இறைச்சியுமாக உள்ளூர் விருந்து, நடனக் குழு என்று அமர்க்களப்பட்டது. அந்த அக்டோபரில் போபி இறந்தது. 2024 பிப்ரவரியில், வயதை உறுதிசெய்யப் போதிய ஆதாரம் இல்லை என்று கின்னஸ் சாதனையை விலக்கிக்கொண்டது. அதன் மைக்ரோசிப் பதிவில் இருந்த வயது உரிமையாளர் சொல்லிப் பதிந்ததுதான். சாதனை போனாலும், அந்த நாய் நெடுங்காலம் பிரியமாக வளர்ந்ததும் ஊர் கூடி அதற்கு விருந்து வைத்ததும் உண்மை.

ஒரு வருஷம் என்பது ஏழு வருஷமா?

நாயின் ஒரு வயது மனிதரின் ஏழு வயதுக்குச் சமம் என்று காலங்காலமாகச் சொல்லிவருகிறோம். இது சரியான கணக்கு அல்ல. ஒரு வயது நாய் குட்டி போடும் பருவத்தை எட்டிவிடுகிறது. ஏழு வயதுக் குழந்தையோடு அதை ஒப்பிட முடியாது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக சான் டியாகோ ஆய்வாளர்கள், லாப்ரடார் நாய்களின் மரபணுவில் வயதோடு ஏற்படும் வேதி மாற்றங்களை மனிதர்களோடு ஒப்பிட்டு 2020-ல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். அதன்படி, ஒரு வயது நாய் ஏறக்குறைய 30 வயது மனிதருக்குச் சமம். நான்கு வயதில் 50-ஐத் தாண்டிவிடுகிறது. பன்னிரண்டில் 70-ஐத் தொடுகிறது. தொடக்கத்தில் நாய் மிக வேகமாக முதிர்கிறது, பிறகு வேகம் குறைகிறது.

உடலின் அளவும் கணக்கில் உண்டு. பொமரேனியன் மாதிரிச் சின்ன நாய்கள் 13, 14 வயது வரை சாதாரணமாக வாழும். லாப்ரடாருக்குப் பத்து முதல் பன்னிரண்டு. கிரேட் டேன் போன்ற பெரிய உருவத்துக்கு எட்டு, ஒன்பது வயதே முதுமை. அதனால் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கனம் அதிகம். பத்துப் பன்னிரண்டு முறைதான் அந்த நாள் வரும். கொண்டாடுங்கள் என்று இந்தக் கட்டுரை சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

விருந்து யாருக்கு?

கூட்டம் சேர்ந்து, விளக்கை அணைத்து, கைதட்டிப் பாடி, பலூனை உடைத்து, நுரை ஸ்பிரே அடித்து, கேக்கை முகத்தில் பூசுவது நம் ஊர்ப் பிறந்தநாள் வழக்கம். இதில் ஒன்றுகூட நாய்க்கு ஏற்றதல்ல. மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாயின் காது 45,000 ஹெர்ட்ஸ் வரை எட்டும். நமக்குக் கேட்காத ஒலியும் அதற்குக் கேட்கும். தீபாவளிக்குக் கட்டிலுக்கு அடியில் நடுங்கிக் கிடக்கும் நாய்க்கு, அதன் பிறந்தநாளிலேயே பலூன் வெடிச் சத்தத்தைக் கொடுக்கலாமா? வெடித்த பலூன் துண்டை நாய் விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். அறுவை சிகிச்சை வரை போகும். ஸ்பிரே கண்ணில் பட்டால் எரியும். ரோமத்தில் ஒட்டியதை நக்கினால் வயிற்றுக்குள் போகும்.

நாய் தன் அசௌகரியத்தை முதலில் குரைத்துச் சொல்வதில்லை. தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடும். சாப்பாடு இல்லாதபோதும் உதட்டை நக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும். காதைப் பின்னால் மடக்கும். வாலைக் காலுக்கிடையில் செருகும். இவற்றைக் கவனிக்காமல் குழந்தைகள் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுக்கும்போதுதான், அதுவரை யாரையும் கடிக்காத நாய்கூடக் கடித்துவிடுகிறது. பழி நாயின் மேல் விழுகிறது. அன்றைக்கு அதற்குத் தொல்லை தராமல் காப்பது வீட்டுப் பெரியவர்களின் பொறுப்பு.

நல்ல விருந்து சின்ன விருந்து. நாய்க்கு ஏற்கெனவே பழக்கமானவர்கள் நாலைந்து பேர் போதும். வேறு நாய்களைக் கூப்பிடுவதானால், அவை ஒன்றோடொன்று முன்பே பழகியிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தடுப்பூசி முடிந்திருக்க வேண்டும். ஊசி முடியாத குட்டிகளைக் கூட்டத்தில் சேர்க்கவே கூடாது, பார்வோ நோய் அவற்றை எளிதில் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு நாய்க்கும் தனித் தட்டு, தட்டுகளுக்கிடையே நல்ல இடைவெளி வேண்டும். சாப்பிடும்போது அருகே குழந்தைகள் போகக்கூடாது. களைத்தால் போய்ப் படுக்க, கதவு திறந்திருக்கும் ஓர் அமைதியான அறை இருக்க வேண்டும். பிறந்தநாள் கோடையில் வந்தால் வெயில் தாழ்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நாய் நம்மைப்போல உடல் முழுக்க வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். பக் மாதிரிச் சப்பை மூக்கு நாய்களுக்கு அதுவும் சிரமம். தொப்பி, சட்டை எல்லாம் நாய் பொறுத்துக்கொண்டால் ஒரு போட்டோவுக்கு மட்டும், உடனே கழற்றிவிடுங்கள்.

தட்டில் என்ன இருக்கலாம்?

பிறந்தநாளுக்கு மறுநாள் வாந்தியும் பேதியுமாக மருத்துவமனைக்கு வரும் நாய்கள் பெரும்பாலும் அன்பால்தான் அவதிப்படுகின்றன. ஆளாளுக்கு ஒரு வாய் ஊட்டிவிடுவார்கள். நம் பண்டிகைச் சமையலில் நாய்க்கு ஆகாதவை நிறைய உண்டு.

சாக்லேட் கேக் கூடவே கூடாது. அதிலுள்ள தியோபுரோமின் நாயின் உடலில் நெடுநேரம் தங்கி இதயத்தையும் நரம்புகளையும் பாதிக்கும். சாக்லேட் எவ்வளவு கறுப்போ அவ்வளவு ஆபத்து. பாயசத்திலும் கேசரியிலும் கிடக்கும் உலர் திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். பச்சைத் திராட்சையும் அப்படியே. பிரியாணியில் வெங்காயமும் பூண்டும் இருக்கின்றன. இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். சமைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும். சர்க்கரை இல்லாத சூயிங்கம், மிட்டாய்களில் சேர்க்கும் சைலிட்டால் நாயின் ரத்தச் சர்க்கரையை மளமளவென்று இறக்கி, கல்லீரலையும் கெடுக்கும். எண்ணெயும் நெய்யும் மிதக்கும் பலகாரம் கணைய அழற்சியைக் கொண்டுவரலாம். இவற்றில் எதையாவது தின்றுவிட்டால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் என்ன தின்றது, எவ்வளவு, எப்போது என்ற விவரத்தோடு உடனே மருத்துவரிடம் போங்கள். உப்புக் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைக்கும் வேலை வேண்டாம். அது கெடுதலைக் கூட்டும்.

நாய்க்கான கேக்கை நம் அடுப்படியிலேயே செய்யலாம். ஒரு கப் கேழ்வரகு மாவு அல்லது கோதுமை மாவு, ஒரு முட்டை, மசித்த வாழைப்பழம் ஒன்று, துருவிய கேரட் ஒரு கைப்பிடி. இட்லி மாவுப் பதம் வரும்வரை தயிர் சேர்த்துக் கலக்கி, இட்லித் தட்டில் ஆவியில் வேகவைத்து ஆறவிடுங்கள். சர்க்கரை, உப்பு, வெல்லம், எசென்ஸ் எதுவும் வேண்டாம். கேக்கின் மேலே கிரீமுக்குப் பதில் கெட்டித் தயிர். அதன் மேல் உப்பில்லாமல் வேகவைத்து எலும்பு நீக்கிய கோழித் துண்டுகள். சைவ வீடென்றால் வேகவைத்த பரங்கிக்காய். கோதுமையோ முட்டையோ ஒத்துக்கொள்ளாத நாய் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள். புதிய பொருள் எதையும் பிறந்தநாளன்று முதல்முறையாகக் கொடுக்க வேண்டாம்.

அளவு முக்கியம். நாயின் ஒரு நாள் உணவில் இப்படிப்பட்ட தீனி பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொது விதி. ஐந்து கிலோ நாய்க்கு ஒரு சின்னத் துண்டே பெரிய விருந்து. மெழுகுவத்தியையும் பல்குச்சியையும் எடுத்த பிறகே தட்டை வையுங்கள்.

அதற்குப் பிடித்த பரிசு

நாய் உலகத்தை மூக்கால் அறிகிறது. அதற்குப் பெரிய பரிசு, அவசரமில்லாத ஒரு நீண்ட நடை. வழக்கமாக நாம் இழுத்துக்கொண்டு போகிறோம். அன்றைக்கு ஒரு நாள் அது போகும் பக்கம் நாம் போகலாம். ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று முகர்ந்து பார்க்கட்டும். மழையில்லாத விடியலில் கடற்கரை மணலில் ஓடவிட அனுமதியுள்ள இடம் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. வீட்டுக்குள் பழைய துண்டைச் சுருட்டி அதற்குள் தீனியை ஒளித்துவைத்துத் தேடவிடுங்கள். அலுவலகத்திலிருந்து அன்றைக்குச் சீக்கிரம் வந்துவிடுங்கள். நாள் முழுக்கக் கதவைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் நாய்க்கு உங்கள் நேரத்தைவிட உயர்ந்த பரிசு எந்தக் கடையிலும் இல்லை.

இரண்டாவது பரிசு உடல்நலப் பரிசோதனை. பிறந்தநாள் மறக்காத தேதி என்பதால், வருடாந்தர வெறிநோய்த் தடுப்பூசியை அந்த வாரத்தில் வைத்துக்கொண்டால் தவறவே தவறாது. அறிகுறி தெரிந்த பிறகு வெறிநோய்க்கு மருந்து இல்லை. ஊசி ஒன்றே காவல். அதோடு எடை, பல், காது, தோல், உண்ணி எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். நம் ஊர் வெப்பத்தில் உண்ணிகள் ஆண்டு முழுக்க இருக்கின்றன. அவை பரப்பும் காய்ச்சல் நாயின் ரத்தத்தையே குறைத்துவிடும். ஏழு வயது தாண்டிய நாய்க்கு ஆண்டுக்கு இருமுறை பரிசோதனையும், சிறுநீரகம், கல்லீரலுக்கான ரத்தச் சோதனையும் தேவை. நாய் வளர்ப்பதற்கான உள்ளாட்சி உரிமத்தைப் புதுப்பிப்பதையும் அதே வாரத்தில் முடித்துவிடுங்கள்.

வெளியே இருப்பவற்றுக்கும் ஒரு பங்கு

வீட்டில் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு இல்லங்களில் அன்னதானம் செய்கிறோம். அந்த நல்ல வழக்கம் செல்லத்தின் பிறந்தநாளுக்கும் வந்திருக்கிறது. தெரு நாய்களுக்குச் சோறு போடுகிறார்கள். மனம் நல்லது, இடமும் சரியாக இருக்க வேண்டும். 2023-ல் வந்த விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், குழந்தைகளும் முதியவர்களும் நடமாடும் இடம், மாடிப்படி, கட்டட வாசல் இவற்றைத் தவிர்த்துக் குறித்த இடத்தில் உணவு வைக்கச் சொல்கின்றன. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் குறித்த இடங்களில் மட்டுமே உணவளிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒரு நாள் சாப்பாட்டைவிட, ஒரு தெரு நாயின் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் ஆகும் செலவை ஏற்றுக்கொள்வது நெடுநாள் பலன் தரும். தெரு நாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடை செய்யலாம் என்று 1964-லேயே சென்னையில் முயற்சி தொடங்கியது ப்ளூ கிராஸ். அந்த அமைப்பைக் கேப்டன் வி.சுந்தரம் 1959-ல் நிறுவினார். உங்கள் ஊரிலும் இப்படிப்பட்ட காப்பகங்கள் இருக்கும். பழைய போர்வையும் அரிசியும் மருந்தும் அவற்றுக்கு எப்போதும் தேவை.

திடமான பெரிய நாய் வைத்திருப்பவர்கள் ரத்ததானமும் செய்யலாம். 1903-ல் தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் விலங்குகளுக்கான ரத்த வங்கி இருக்கிறது. உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் வற்றிப்போன ஒரு நாயை, உங்கள் நாயின் ரத்தம் பிழைக்க வைக்கும்.

கொண்டாட்டத்தைப் பார்த்து ஆசைப்பட்டு, அடுத்த வாரமே ஒரு குட்டி வாங்கக் கிளம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பனிப்பிரதேசத்து ஹஸ்கியைச் சென்னை வெயிலுக்குக் கொண்டுவராதீர்கள். இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று இந்த மண்ணின் வெயிலுக்குப் பழகிய இனங்கள் நம்மிடம் இருக்கின்றன. 2005-ல் இந்திய அஞ்சல் துறை இராஜபாளையத்துக்குத் தபால்தலை வெளியிட்டுப் பெருமை செய்தது. ஆனால் இவை ஓடப் பிறந்தவை. தோட்டமும் நேரமும் உள்ளவர்களுக்கே ஏற்றவை. சின்ன வீடு என்றால், காப்பகத்தில் காத்திருக்கும் நாட்டுக்குட்டி ஒன்று போதும். ஒரு பிறந்தநாளுக்காக அல்ல, அதன் எல்லாப் பிறந்தநாள்களுக்கும் உடனிருக்க முடியுமா என்று யோசித்த பிறகு கூட்டி வாருங்கள்.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு செல்லம் இருந்தால், இன்றே அதன் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். பிறந்த தேதி எழுதவில்லை என்றால் ஒரு தேதியை எழுதுங்கள். அடுத்த ஊசி எப்போது என்பதையும் பாருங்கள். அந்த நாளில் சத்தமில்லாமல், அதற்குப் பிடித்தவர்கள் மட்டும் சூழ, அதற்கு ஒத்துக்கொள்ளும் சாப்பாட்டோடு கொண்டாடுங்கள். நம் அன்பின் அளவு கேக்கின் விலையில் இல்லை. அடுத்த பிறந்தநாளுக்கும் அது ஆரோக்கியமாக ஓடிவர நாம் என்ன செய்தோம் என்பதில் இருக்கிறது.